சித்தப்பாவுக்கு ஒரு கருவி

முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல்லில், வீட்டு மாடியில் மின்விசிறியின் கீழ் அமர்ந்தபடியே பெங்களூர் உத்தியோகம் பார்க்கும் வாலிபர்களில் ஒருவனாகிய என் அண்ணன் மகன், கூகுள் ஸ்தாபனம் 2014-ஆம் ஆண்டில் உலகத்தாருக்கு இனாமாகத் திறந்துவிட்ட கூபர்னெட்டிஸ் என்னும் ஏற்பாட்டை எனக்குப் போதித்தே தீருவதென்று சங்கல்பம் செய்துகொண்டு, அதற்குக் கட்டளை கொடுக்கும் கியூப்சிடிஎல் என்ற கருவியை என் பழைய மடிக்கணினியில் பிரதிஷ்டை செய்ய வந்து சேர்ந்தான்.

கண்டெய்னர் என்றால் சங்ககிரிச் சாலையில் நம்மை ஒதுங்கச் சொல்லும் இரும்புப் பெட்டி என்றே நான் எண்ணியிருந்தேன்; இதுவோ, ஒரு மென்பொருளையும் அதன் சகல பரிவாரங்களையும் சேர்த்துக் கட்டிய மூட்டையாம். லாரி புக்கிங் ஆபீசில் மூன்று வண்டி ஓடவேண்டும் என்று சொல்லிவிட்டால், ஒன்று தொப்பூர்க் கணவாயில் படுத்துக்கொண்டாலும் மாற்று வண்டி அனுப்புவது அவர்கள் பாடு அல்லவா? கூபர்னெட்டிஸின் உத்தியோகமும் அதுவே. கியூப்சிடிஎல் அந்த ஆபீசின் ஜன்னலில் நம் உத்தரவை நீட்டுவதோடு சரி. ஒரு மூட்டையைக்கூடத் தானே தூக்காது.

அப்படிப்பட்ட சுகவாசியை வீட்டுக்குள் சேர்ப்பதற்கு நடந்த சடங்குகளோ அபாரம். வழியில் கலப்படமாகவில்லை என்று ருசுப்படுத்த 64 எழுத்து முத்திரையை ஒப்பிட்டு, இயங்குவதற்கு அனுமதி வழங்கி, உரிய அடைவில் அமர்த்தினோம். கூபர்னெட்டிஸ் மேய்க்கும் கணினிக் கூட்டமாகிய கிளஸ்டர் 1.30 பதிப்பு என்றால் கருவி 1.29, 1.30, 1.31 இவற்றுள் ஒன்றாக இருக்கவேண்டுமென்ற நியமமும் உண்டு. இத்தனையும் முடித்து முதல் கேள்வியைக் கேட்டால், லோக்கல்ஹோஸ்ட் 8080-இல் இணைப்பு மறுக்கப்பட்டது என்று சொல்லி, விலாசம் சரிதானா என்று நம்மையே குறுக்கு விசாரணை செய்தது! போகுமிடம் தெரியாமல் என் கணினியின் கதவையே தட்டிவிட்டு வந்த தைரியம் அது.

"கான்ஃபிக் ஃபைல்ல விலாசம் எழுதி வெச்சாத்தானுங்க சித்தப்பா அதுக்குத் தெரியும்" என்றான் பையன்.

அந்தக் கோப்பில்தான் விஷயமே இருக்கிறது. பரீட்சார்த்த கிளஸ்டர், வாடிக்கையாளர்களின் ஜீவாதாரமான கிளஸ்டர் எல்லாவற்றின் விலாசமும் அதில் அடுத்தடுத்து இருக்க, அவற்றுள் நாம் தேர்ந்து வைத்திருக்கும் விலாசம், அதாவது நடப்பில் உள்ள கான்டெக்ஸ்ட், எதுவோ அங்கேதான் நம் உத்தரவு போகும். உள்ளே நுழையும்போது 64 எழுத்தைச் சரிபார்க்கச் சொன்ன இந்த ஆசாரசீலன், கிளஸ்டருக்குள் தனிப் பிரிவாகிய ஒரு நேம்ஸ்பேஸை அடியோடு அழிக்கச் சொன்னால், நாமாக வற்புறுத்தினாலொழிய, நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. காவலைத் தவறான வாசலில் போட்டுவிட்டார்கள் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆகையால், டெலிட் என்று தட்டுவதற்கு முன்பு, கரண்ட் கான்டெக்ஸ்ட் எது என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் அது விலாசம் விசாரிக்காமல் பதில் சொல்லும்.