மேட்டுக்குடிக்காரர்

அமெரிக்காவின் நார்த் கரோலினா மலைகளில் ஆஷ்வில் என்றொரு ஊர். அங்கே தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். மேட்டுக்குடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். காசில் அல்ல, கடல்மட்டத்தில். ஊரின் உயரம் சுமார் 650 மீட்டர். கடல் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். புளோரிடாக்காரர்கள் புயலுக்கு முன் ஜன்னலுக்குப் பலகை அடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தால், "கடலோரத்தில் வீடு கட்டிவிட்டுக் காற்றைக் குறை சொல்வானேன்?" என்பார்.

1916 வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது தாத்தா காலத்து மழை." 2004 செப்டம்பரில் பிரான்சிஸ், ஐவன் இரண்டு புயல்களும் அடுத்தடுத்து வந்ததையும், ஊரின் பில்ட்மோர் வில்லேஜ் பகுதிக் கடைகள் மூழ்கியதையும் சொன்னால், "அவர்கள் பள்ளத்தில் இருப்பவர்கள்." பள்ளத்தில் இருப்பவர் அத்தனை பேரும் ஏதோ தப்பு செய்தவர்கள் என்பது அவர் முடிவு. கடைசி அம்பு ஒன்றும் வைத்திருப்பார்: "நாட்டின் வானிலைப் பதிவேடுகளைக் காக்கும் அரசு மையமே நம் ஊரில்தான். ஆபத்து இருந்தால் இங்கே கொண்டுவந்து வைப்பார்களா?"

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வந்தது. அந்த மையமும் சேர்ந்து முடங்கியது. மாநிலத்தில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்று நம்மவர் சொல்லிவந்தது சரிதான். ஓடுவதற்கு முன்னால் அது எங்கே கொட்டும் என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும், குளிரும், சுமந்துவந்ததை எல்லாம் அங்கேயே இறக்கிவிடும். முந்தைய நாட்களின் மழையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. சரிவுகள் சரிந்தன, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன. குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாள் ஆனது. கழிப்பறைக்கு நம்மவர் ஓடைத் தண்ணீரை வாளியில் சுமந்தார். புயலுக்குப் பயந்து மலையேறி வந்த பக்கத்து வீட்டுப் புளோரிடாக்காரரிடம் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது. அதைப் பார்த்து முன்பு விழுந்து விழுந்து சிரித்தவர், செல்போனையும் சார்ஜரையும் பணிவோடு ஏந்திக்கொண்டு அந்த வாசலில் நின்றார்.

இப்போது அவரைப் பார்க்கவேண்டும். மேகம் கறுத்தாலே குளியல் தொட்டி நிரம்பிவிடும். குளிப்பதற்கு மனைவி அனுமதி வாங்கவேண்டும். கையால் சுழற்றும் ரேடியோ, மரம் அறுக்கும் இயந்திரம், இரண்டு ஜெனரேட்டர்கள், ஒரு பட்டாளத்துக்குப் போதுமான பீன்ஸ் டப்பாக்கள். புயல் என்றால் என்னவென்று அந்தப் புளோரிடாக்காரருக்கே வகுப்பெடுக்கிறார். அந்த மனிதரும் பொறுமையாகத் தலையாட்டுகிறார்.

வெள்ளக் காப்பீடு மட்டும் வாங்கவில்லை. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாக வாங்கவேண்டும். அரசுத் திட்டத்தில் சேர்ந்தாலும் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். "புயலுக்குப் பெயர் வைக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம்" என்றார். பெயர் வைத்த புயல் ஒரு மாதம் பொறுக்குமா என்று மனைவி கேட்டார். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தில் மூன்றாவது ஜெனரேட்டரை வாங்கிவிட்டார். கராஜில் இடமில்லை என்பதால் பேஸ்மென்ட்டில் இறக்கி வைத்திருக்கிறார்.