யாருண்ணே இதப் போட்டது?

முந்தாநாள் சாயங்காலம் பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் புளோக்குக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, “ஏர்கான் மாத்திட்டீங்களாமே, எவ்வளவு ஆச்சு?” என்றார். சொன்னேன். பதிலுக்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து “த்ச்” என்று ஒரு சத்தம் விட்டார். பிறகு என் கூடையிலிருந்தே ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்துக்கொண்டு, “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரே” என்றார்.

முன்னாடியே சொன்னேன். லிஃப்டில், தரைத்தளத்திலிருந்து ஒன்பதாவது மாடிவரை சொன்னேன். அப்போது அவருக்குத் தெரிந்த ஆள் எங்கே போயிருந்தார் என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு எந்த ஏர்கான் வாங்கலாம் என்பதை விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன். அந்த “த்ச்” மட்டும் இன்னும் காதைவிட்டு இறங்கவில்லை, அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

ஏர்கானுக்குச் சரியான விலை என்று ஒன்று கிடையாது. நிஜ விலையைச் சொன்னால் “த்ச்”. ஒருவரிடம் ஆயிரம் வெள்ளி குறைத்துச் சொல்லிப் பார்த்தேன். “அவ்வளவு மலிவாவா? குழாய்லதான் கை வச்சிருப்பான். மெல்லிசு செம்பு போட்டிருப்பான், போய் அளந்து பாருங்க” என்றார். சுவரோரமாக டிரங்கிங் உறை போட்டு மூடிய குழாயை நான் எதை வைத்து அளக்க?

வாங்குவதற்கு முன் கேட்டதோ வேறு கதை. டைக்கின் கட்சி, மிட்சுபிஷி கட்சி என்று உறவுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பானசோனிக்குக்கு ஒரு சித்தி மட்டும் சுயேச்சையாக நின்றார். சிஸ்டம் 3 வாங்கு, வெளியே ஒரே கம்ப்ரஸர், உள்ளே மூன்று அறைக்கும் போதும் என்றது ஒரு தரப்பு. அந்த ஒரு கம்ப்ரஸர் படுத்துக்கொண்டால் மூன்று அறையும் சேர்ந்து படுத்துக்கொள்ளும், ஆகவே சிஸ்டம் 1, சிஸ்டம் 2 என்று பிரித்துப் போடு என்றது மறு தரப்பு. பிரித்துப் போட்டால் இரண்டாவது கம்ப்ரஸரை எங்கே வைப்பது என்று கேட்டேன். அது உன் பாடு என்றார்கள்.

நங்கநல்லூர் மாமா வாட்ஸ்அப்பில் வந்தார். “எத்தனை டன்?” என்றார். இங்கே யாரும் டன்னில் பேசுவதில்லை மாமா, பிடியூ, படுக்கையறைக்கு ஒன்பதாயிரம், பெரிய அறைக்குப் பன்னிரண்டாயிரம் என்றேன். “பன்னெண்டாயிரமா! ரூபாயா வெள்ளியா?” என்றார். பன்னிரண்டாயிரம் பிடியூதான் ஒரு டன். ஒரு நாளில் ஒரு டன் பனிக்கட்டி உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு என்று விளக்கினேன். வெகுநேரம் ‘டைப்பிங்’ என்று காட்டியது. கடைசியில் ஒரு கட்டைவிரல் வந்தது.

டொராண்டோ அண்ணன் ஒருபடி மேலே போனார். ஹீட்டிங்கும் கூலிங்கும் சேர்ந்த ஒரே சிஸ்டமாகப் போட்டுவிடு, பின்னால் வசதி என்றார். எந்தப் பின்னால்? 2018 ஜனவரியில் இந்த ஊரில் 21 டிகிரி சொச்சத்துக்கு இறங்கியதற்கே ஆபீசில் ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஹீட்டர் என்றால் குளியலறையில் தொங்குவது, அவ்வளவுதான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். தெரிந்த ஆளுக்கு வருவோம்.

சிங்கப்பூரில் ஒவ்வொரு தமிழர் கைப்பேசியிலும் ‘ஏர்கான் அங்கிள்’ என்று ஓர் எண் இருக்கும். கொஞ்சம் கீழே ‘ஏர்கான் அங்கிள் 2’. அதற்கும் கீழே ‘ஏர்கான் புதுசு’. சிலரிடம் ‘ஏர்கான் எடுக்காதே’ என்றும் ஒன்று உண்டு. நமக்கு எண் அனுப்புகிறவர் இந்த நாலில் எதை அனுப்புகிறார் என்பது அந்த ஆள் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கும். வருவதாகச் சொன்ன நாளில் அவர் வரமாட்டார். “அண்ணே, ஊட்லண்ட்ஸ்ல இருக்கேன், வந்துட்டே இருக்கேன்” என்பார். ஊட்லண்ட்ஸ் அவ்வளவு தூரம் என்பதே எனக்கு இவர்களால்தான் தெரியும்.

கடைசியில் வருவார். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன், நல்ல பையன், செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவைப்பான். ஏணியை விரித்து ஏறுவான். டிரங்கிங் மூடியைக் கழற்றுவான். டார்ச் அடித்து, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி சற்று நேரம் பேசாமல் நிற்பான். பிறகு மெதுவாகத் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்பான்.

“யாருண்ணே இதப் போட்டது?”

போட்டவரும் தெரிந்த ஆள்தான். அவர் வந்தபோது அவருக்கு முந்தியவரைப் பற்றி இதையேதான் கேட்டார். “குழாய்க்கு மேல இருக்கிற கருப்பு ரப்பர் இவ்ளோ மெல்லிசா இருந்தா வேர்க்காம என்ன பண்ணும்?” என்று அவர் வருத்தப்பட்டுத் தடிமனாகப் போட்டதைத்தான் இந்தப் பையன் இப்போது கிள்ளிப் பார்த்து, “இவ்ளோ தடியா போட்டுட்டு மூடியில நசுக்கி வச்சிருக்காங்க” என்கிறான். முந்தியவர் வந்தபோதோ, தண்ணீர் போகிற குழாய்க்குச் சரிவு போதாது என்று அதற்கு முந்தியவருக்கு வசவு. சரி, அவருக்கும் முந்தியவர் வந்தபோது? ஜன்னலில் செருகியிருந்த பழைய பெட்டியைப் பார்த்து, “இந்த ஜன்னல் கம்பிய யாரு அறுத்தது?” என்றாராம். இது நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய செய்தி, சாவியோடு சேர்த்துக் கைமாறியது.

இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால் எங்கே போய் நிற்கும் என்று ஓர் இரவு யோசித்தேன். ஏர்கான் இல்லாத இரவு, யோசிக்க நேரம் இருந்தது. பிரதமரானதும் முதல் வேலையாக அரசாங்க அலுவலகங்களில் ஏர்கான் போட வைத்ததாக லீ குவான் இயூவே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அது 1959. அந்த இயந்திரங்களை முதன்முதலில் சர்வீஸ் பண்ண ஓர் ஆள் ஏணியில் ஏறியிருப்பார். மூடியைக் கழற்றியிருப்பார். என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அதற்கும் முன்னால் 1939இல் கேத்தே தியேட்டர், அப்போதே ஏர்கான் போட்ட தியேட்டர். ஜனம் படத்துக்கு வந்ததா குளிருக்கு வந்ததா தெரியாது, ஆனால் மேலே ஒருவர் டார்ச்சோடு நின்றிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. இன்னும் பின்னால் போனால் 1902, நியூயார்க், புரூக்ளின். அங்கே ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் தாள் நீண்டு சுருங்கி, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் போட்ட திட்டம்தான் நம் எல்லார் வீட்டு ஏர்கானுக்கும் பாட்டன். அந்த அச்சகத்தில் அவருக்கு முன்னால் யாரும் எதுவும் போட்டிருக்கவில்லை. குறைசொல்ல முந்தைய ஆள் இல்லாமல் ஏணி ஏறிய ஒரே மனிதர் அவர்தான், கொடுத்துவைத்தவர். அவருக்கு அடுத்து சர்வீஸுக்கு வந்தவர் ஆரம்பித்ததுதான், இன்றைக்குத் தேக்காவில் என் வீட்டுக் கூடம்வரை வந்திருக்கிறது.

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பையன் கீழே இறங்குவான். கெமிக்கல் வாஷ் போதாதண்ணே, ஓவர்ஹால் பண்ணணும் என்பான். கேஸ் குறையுது என்பான். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடக் குறைய? மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிப்பா என்றால், “அது முன்னாடி போட்டவருதாண்ணே சொல்லணும்” என்பான். அந்த முன்னாடி போட்டவர் இப்போது ஊட்லண்ட்ஸில் இருப்பார்.

தெங்காவில் வீவகவின் புது பிடிஓ வீடு கிடைத்த மைத்துனனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே மொட்டைமாடியில் தண்ணீரைக் குளிரவைத்துக் குழாய்வழியாக வீடு வீடாக அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, எஸ்பி குழுமத்தினுடையது. வீட்டுக்கு வீடு கம்ப்ரஸர் கிடையாது. அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். “எல்லாத்தையும் ஆப்லயே பாத்துக்கலாம், மச்சான்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா நம்மகிட்ட ஒரு ஆள் இருந்தாரு, அவரை வச்சு எதுவும் பண்ண முடியலை” என்றான்.

ஏர்கான் வாங்கிய கடையில் நடந்ததற்கு ஒரு பத்தி போதும். பெட்டிமேல் மின்சிக்கனத்துக்கான டிக் ஒட்டியிருந்தார்கள். ஐந்து டிக் இருந்தால்தான் அரசாங்கம் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டு செல்லுமாம். 2024இல் முந்நூறு, மறு வருஷம் இன்னொரு நூறு, ஆக நானூறு வெள்ளி. நாலு டிக் மாடல் ஐநூறு வெள்ளி குறைவு என்று விற்பனைப் பெண் அவளாகவே சொன்னாள். அதற்கு மேல் அங்கே நின்று கணக்குப் போட வீட்டுக்காரி விடவில்லை. வீடு எந்த வருஷத்துக் கட்டடம் என்று விற்பனைப் பெண் கேட்டாள், 1994க்கு முந்தியது என்றால் மெயின் சுவிட்ச் முப்பது ஆம்பியராக இருக்கும், நாற்பதாக மாற்ற வேண்டியிருக்கும் என்றாள். தெரிந்த ஆள் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. முன்னாடி சுவிட்ச் போட்டவரைக் குறைசொல்லாமல் பேசிய முதல் ஆளும் அவள்தான்.

இப்போது புதுசு ஓடுகிறது. 25 டிகிரியில் வைக்கச் சொல்லி அரசாங்கம் சொல்கிறது. நான் 25இல் வைக்கிறேன். நான் தூங்கியதும் வீட்டுக்காரி 22க்குக் கொண்டுபோய், போன தீபாவளிக்கு முஸ்தபாவில் வாங்கிய கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொள்கிறாள். கேட்டால், “கம்பளி வீணாத்தானே கிடக்குது” என்கிறாள்.

உள்ளே குளிர்ந்தால் அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். 2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தைத் தொட்டது. அன்றைக்கு ஊர் முழுக்கக் கம்ப்ரஸர்கள் இருக்கிற சூட்டோடு தங்கள் சூட்டையும் வெளியே ஊதிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் கீழ்வீட்டுக்காரர் தன்னுடையதைச் சரியாக எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தியிருக்கிறார். பகல் முழுக்க மூங்கில் கழியில் தொங்கும் எங்கள் வீட்டு ஜீன்ஸுக்கு அந்த அனல் அடிக்கிறது. மத்தியானத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. அதற்காக அவருக்கு நன்றி சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.