சதுரடி சார்

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார்கள். சதுரடி சார் தரையைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றியதும் கட்டைவிரலால் டைல்ஸை ஒரு தேய் தேய்ப்பார். பிறகு குனிந்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். "அடியில காலியா சத்தம் வருதே கண்ணு. கலவை சரியாப் பரப்புல" என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?" வரும். நாம் நன்றாக இருக்கிறோமா இல்லையா என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. தரை நன்றாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதை நாம் என்ன ரேட்டுக்குப் போட்டோம் என்பது.

கோயம்புத்தூரில் வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் புதிதாக வீடு முளைக்கிற எல்லாத் தெருவிலும் இவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஐந்து மீட்டர் டேப், ஒரு பென்சில், பின்பக்கம் காலியான ஏதாவது ஒரு ரசீது. காலை நடைக்கு டாக்டர் சொன்ன பாதை ஒன்று. சார் போகிற பாதை வேறு. எங்கே ஜல்லி இறங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவருக்கு நல்ல காற்று வீசும்.

டிப்பர் லாரி வந்து நின்றால் டிரைவர் இறங்குமுன் சார் ஏறிவிடுவார். ஒரு கம்பியை மணலுக்குள் குத்தி உயரம் பார்ப்பார். நூறு கன அடி ஒரு யூனிட் என்பது ஊரறிந்த கணக்கு. லேசாக ஈரமான மணல் உப்பிக்கொண்டு, இருப்பதைவிடக் கால்வாசி கூடுதலாகத் தெரியும் என்பது சாருக்கும் டிரைவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். காசு கொடுக்கப்போகிற வீட்டுக்காரர் உள்ளே நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

உலகத்தில் எதையும் சதுரடியாக மாற்றிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாடகையை ஹாலின் பரப்பால் வகுப்பார். "இந்த ரேட்டுக்கு ஏசி பத்தாதே" என்று மொய் எழுதுகிறவரிடம் வருத்தப்படுவார். கும்பாபிஷேகத்துக்குப் போனால் கலசத்தைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்து நிற்க, சார் பிரகாரத்துக் கருங்கல் பாவுதளத்தைக் காலால் அளந்துகொண்டிருப்பார். துக்க வீட்டில்கூட சாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சற்று நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்கள் இறந்தவரை நினைத்து உருகுகிறார் என்று நினைப்பார்கள். கிளம்பும்போது மூத்த மகனிடம் மெதுவாகக் கேட்பார்: "போர்ட்டிகோவுக்கு கிரானைட்டு அப்பா இருக்கும்போது போட்டதுங்களா? என்ன ரேட் சொன்னாரு?"

அவருடைய காலண்டரில் வருஷமே கிடையாது, சிமென்ட்தான். மூத்த மகள் பிறந்தது பர்மிட் காலம். மனுப் போட்டுக் காத்திருந்துதான் மூட்டை வாங்க வேண்டும். இரண்டாவது பையன் பிறந்தது 1982-ல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்திய பிறகு. கடைக்குட்டி, 1989-ல் முழுசாக எடுத்துவிட்ட பிறகு. "அதனாலதான் அவன் இப்படிக் கட்டுப்பாடில்லாம திரியறான்" என்பார். மதுக்கரையில் 1930களிலேயே சிமென்ட் ஆலை வந்துவிட்டதால், சிமென்டைப் பற்றிப் பேசும் தகுதி கோயம்புத்தூர்க்காரனுக்குத்தான் உண்டு என்பது அவருடைய உறுதியான கருத்து. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்டின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, வீடு கட்டுகிற எண்ணமே இல்லாத சார்தான் தெருவுக்கு இனிப்பு கொடுத்தார்.

ரேட் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்: நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். சதுரடிக்கு 90 என்று சொன்னால், அவருடைய மச்சான் சூலூரில் 70-க்குப் போட்டிருப்பார். அனுபவப்பட்டவர்கள் 90-ஐ 70 என்று குறைத்துச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போது மச்சான் 50-க்குப் போட்டிருப்பார். அந்த மச்சானை இதுவரை யாரும் பார்த்ததில்லை. உலகத்தில் எந்தப் பொருளையும் நம்மைவிட இருபது ரூபாய் குறைவாக வாங்கும் அந்த மகானைத் தரிசிக்க எங்கள் தெருவே ஆசைப்படுகிறது.

இப்படிப்பட்ட சாரின் கண்ணில்தான் முனை வீட்டுத் தம்பதியின் பொடக்காளி பட்டது. இருவரும் ஐடி வேலை. ஊட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில், கல் பாவியதுபோலவே தெரியும் கான்கிரீட் தளத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னாலும் அதுபோல ஒன்று வேண்டும். மாலையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஸ்டாம்ப்டு கான்கிரீட் என்று அதற்குப் பெயர். ஈரக் கான்கிரீட்டின் மேல் வண்ணப்பொடியைத் தூவித் தேய்த்து, ரப்பர் பாய்களை வைத்து அழுத்தி, கல் மாதிரி, செங்கல் மாதிரி, மரப்பலகை மாதிரி அச்சு எடுக்கும் வேலை. 1950களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவர் இதைத் தொடங்கிவைத்தார். கான்ட்ராக்டர் இந்த வரலாற்றைச் சொன்னதும் சார் கேட்ட முதல் கேள்வி: "அவருக்கு ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட் கொடுத்தாங்களாமா?"

இங்கே ரேட் 130. இடம் இருபதுக்குப் பதினைந்து, 300 சதுரடி. மொத்தம் 39,000 ரூபாய். தம்பதி தலையாட்டிவிட்டார்கள். சார் ஆட்டவில்லை. ரசீதைத் திருப்பினார், பென்சில் வெளியே வந்தது.

"முந்நூறு சதுரடி, நாலு அங்குலம் கனம். சரியா நூறு கன அடி, ஒரு யூனிட் கான்கிரீட்டு. ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு கலவைன்னா இருபத்தி மூணு மூட்டை சிமென்ட்டு. மூட்டை 350-ன்னு வெச்சாலும் 8,050. எம்-சாண்டு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி, முக்கால் ஜல்லி முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. மிச்சமெல்லாம் எங்க போவுதுங்?"

கான்ட்ராக்டர் இளைஞர், பொறுமைசாலி. "சொல்றேங் சார். மண்ணை வெட்டி எடுக்கோணும். கிராவல் கொட்டித் தண்ணி விட்டு திமுசு போடோணும். பாலித்தீன் விரிப்பு, கம்பி வலை, ஓரத்துக்குப் பலகை. அப்புறம் கலர் ஹார்டனர், பாய் ஒட்டாம இருக்கத் தூவுற பொடி, பாய் வாடகை, அச்சுப் போடுற ஆளுங்க. மறுநாள் கழுவோணும், மெஷின்ல கோடு அறுக்கோணும், சீலர் ரெண்டு கோட்டு. இதுல கான்கிரீட்டு ஒரு பங்குதாங் சார்."

சார் மனம் இளகவில்லை. "டெகரேட்டிவ் கான்கிரீட்டாமா! எங்க அம்முச்சி வீட்டுத் திண்ணை என்னவாம்? சிமென்ட்டுல சிவப்புக் காவிப்பொடியக் கலந்து, கரணையால தேச்சுத் தேச்சு, தேங்கா எண்ணெய் போட்டு மெழுகுனது. குனிஞ்சா முகம் தெரியும். ஆத்தங்குடியில கண்ணாடி மேல கலரை ஊத்தி, பின்னால மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணித் தொட்டியில ஊற வெச்சு எடுக்கறாங்களே, அது என்னவாம்? நாம எல்லாத்தையும் மறந்துபோட்டு, கலிபோர்னியாக்காரன் சொன்னாத்தான் நம்புவோம்." இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் முக்கால் மணி நேரம் ஆனது. கூலியாட்கள் நாலு பேர் சும்மா நின்றார்கள். அந்தக் கூலியைச் சதுரடிக்கு எவ்வளவு என்று சார் வகுத்துப் பார்க்கவில்லை.

கான்கிரீட் போடும் அன்றுதான் சார் தன் வாழ்நாள் பெருமையை அடைந்தார். பலகை அடித்து, தரை தயார் என்று மேஸ்திரி சொன்னதும், "கொஞ்சம் இருங்க" என்று கையை உயர்த்தினார். எதிரெதிர்ப் பலகைகளின் தலையில் நூலை இழுத்துக் கட்டச் சொன்னார். ஓரத்தில் டேப்பை இறக்கினார்: நாலு அங்குலம். எல்லோரும் சிரித்தார்கள். நடுவுக்குப் போய் நூலிலிருந்து தரைக்கு இறக்கினார்: மூன்றுகூட முழுசாக இல்லை. மண்ணை ஓரத்தில் ஒழுங்காக வெட்டிவிட்டு நடுவில் மேடாக விட்டிருக்கிறார்கள். தளம் முடிந்த பிறகு யார் பார்த்தாலும் ஓரம்தான் தெரியும். ஓரத்தில் நாலு இருக்கும்.

"முந்நூறு சதுரடிக்கு ஒரு அங்குலம் கொறஞ்சா இருபத்தஞ்சு கன அடி. ஆறு மூட்டை சிமென்ட்டு உங்க வண்டியிலயே திரும்பிப் போயிரும். இல்லீங்ளா தம்பி?"

தம்பி பேசவில்லை. மேடு வெட்டப்பட்டது. 2,100 ரூபாய் சிமென்ட் மண்ணுக்குள் போக வேண்டியபடியே போனது. அன்று மாலை தெருவே சாரைப் புகழ்ந்தது. முனை வீட்டுப் பெண் "அங்கிள் இல்லைன்னா ஏமாந்திருப்போம்" என்று அவர் கையில் இரண்டாம் முறை காபி கொடுத்தாள். நடுவில் கனம் குறைந்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் தளம் வெடித்திருக்கும். உண்மையாகவே அவர் செய்தது பெரிய உதவி. அதோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

வேலை நன்றாகத்தான் முடிந்தது. வெயில் ஏறுவதற்குள் அச்சுப் போட்டார்கள். சீக்கிரம் வைத்தால் பாய் புதையும், தாமதித்தால் பதியாது என்பதால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் சாருடைய பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீர் தேங்காமலிருக்க அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், பத்தடிக்குள் ஒரு கோடு, எல்லாம் முறைப்படி. சாம்பல் நிறத்தில் மழைக்கால மலைப்பாறை போலத் தளம் பளபளத்தது. சீலர் அடிக்க இன்னும் சில நாள் காய வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கான்ட்ராக்டர் போனார்.

சாருக்குத் தூக்கம் வரவில்லை. கான்கிரீட் போட்டு இரண்டு நாளாகியும் ஒருத்தர்கூடத் தண்ணி காட்டவில்லை! அவருடைய அனுபவத்தில் மொட்டைமாடி போட்டால் சுற்றிலும் பாத்தி கட்டி வாரக்கணக்கில் தண்ணீர் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சிமென்ட் சாபம் விடும். மூன்றாம் நாள் விடிகாலையில் முனை வீட்டார் தூங்கிக்கொண்டிருக்க, பொடக்காளிக் கேட்டைத் திறந்தார். களிமண்ணால் பாத்தி கட்டினார். போர் தண்ணீரைக் குழாயோடு திறந்துவிட்டார். அன்றைய நடைப்பயிற்சி அவருக்கு முழு மனநிறைவு தந்தது.

சாதாரணக் கான்கிரீட்டுக்கு அது அமிர்தம். வண்ணம் போட்ட தளத்தில் தண்ணீரைத் தேக்கினால் உள்ளிருக்கும் சுண்ணாம்பு மேலே வந்து வெள்ளை பூக்கும். போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இந்த வேலையில் தண்ணீர் நிறுத்தாமல், பூச்சு அடித்து ஈரத்தைக் காப்பாற்றுகிறார்கள். தண்ணீர் வற்றியபோது மலைப்பாறை முழுக்கத் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

கான்ட்ராக்டர் வந்தார்; பாத்தியைப் பார்த்தார்; சாரைப் பார்த்தார். கழுவி, நிறம் ஏற்றிச் சரிசெய்யத் தனியாகக் காசு ஆகும் என்றார். சதுரடிக்கு 7 ரூபாய். சார் பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்து முந்நூறால் பெருக்கினார். 2,100 வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, விடையைச் சத்தமாகச் சொல்லாமல் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இத்தோடு சார் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. மறுவாரமே அடுத்த தெருவில் "130-க்குப் போட்டாங்க, கலர் நிக்கலை, மச்சான் 110-க்குப் போட்டது கல்லாட்டம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனவே தளம் போடப்போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். சதுரடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு வேலையை ஒப்படைக்காதீர்கள். நடுவில் எத்தனை அங்குலம், அடியில் என்ன கொட்டி எப்படி இறுக்குவார்கள், வாட்டம் எந்தப் பக்கம், சீலர் எத்தனை கோட்டு, இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி அடிக்க யார் வருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்த வேலைக்கு முதல் நாள் சாரைக் கூப்பிட்டு டேப்பைக் கையில் கொடுங்கள். அவரைவிட நல்ல மேற்பார்வையாளர் கிடைக்க மாட்டார். இரண்டாம் நாளிலிருந்து பொடக்காளிக் கேட்டைப் பூட்டிவையுங்கள். அப்புறம் அவர் ரேட் கேட்டால் குறைத்துப் பொய் சொல்ல வேண்டாம், உள்ளதையே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொன்னாலும் நீங்கள் ஏமாந்தவர்தான்.