நடுகளத்தில் ஒரு வாழ்க்கை

கேள்வி: மகன் நன்றாகக் கால்பந்து ஆடுகிறான். ஆனால் கோல் போடுவதில்லை, நடுகளத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறான். இதில் பிழைப்பு உண்டா? வெளிநாடு போவானா?
– வாசகர், தண்டலம்

பதில்: உங்கள் பக்கத்துக் கார் ஆலையில் லைனில் ஒரு கை நின்றால் என்ன ஆகும்? நடுகளமும் அப்படித்தான். கோல் போட்டவருக்கு மாலை, பந்து கொடுத்தவருக்கு மூச்சிரைப்பு! ஆனாலும் பிழைப்பு உண்டு. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணிக்காக ஆடி 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுகள வீரரானார். ஜாம்ஷெட்பூர் அழைத்தது, பிறகு கொல்கத்தா. 2019-இல் தாய்லாந்தில் இந்தியச் சட்டை அணிந்தார். 2020-இல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற அணியில் இருந்தார், தோற்றது நம் சென்னையின் எஃப்.சி.! அதே ஆண்டு நவம்பரில், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம். சீசனே போயிற்று. இந்தத் தொழிலின் உண்மையான ஆபத்து அதுதான்.

வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடிய இந்தியர்கள் மிகக் குறைவு. 1999-இல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போன பாய்ச்சுங் பூட்டியாவும் முன்கள வீரர்தான். பையன் ஓடட்டும், படிப்பையும் விடவேண்டாம். முதலில் சென்னை லீக்கில் ஆடும் ஓர் அணியில் சேர்த்துவிடுங்கள்.