மொய் எழுதும் பெரியப்பா

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எல்லாருடைய கண்ணும் யார் மேல் படும் என்று கேட்டால், பெண் மேல் என்பீர்கள். பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவைப் பார்க்காமல் போனவர் எங்கள் பேராவூரணிப் பக்கம் கிடையாது. அப்படி ஒருவர் போய்விட்டால், அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

மொய் எழுத எல்லாரும் ஆக மாட்டார்கள். கையெழுத்து மணிமணியாக இருக்க வேண்டும். பசி தாங்க வேண்டும். அன்றைக்கு ஒரு நாளாவது ‘போடாமல்’ இருக்க வேண்டும். இதற்கெல்லாம் தோதாக ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி வாத்தியார்தான் அகப்படுவார், பெரியப்பாவும் வாத்தியார்தான். பக்கத்தில் ஒரு பையன் பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போடுவான். இவர் பிள்ளையார் சுழி போட்டு, குலதெய்வத்தின் பெயரை எழுதி, நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்துவிட்டுத் தாய்மாமனுக்காகக் காத்திருப்பார். அவர் பெயர் ஏறாமல் வேறு யார் பெயரும் ஏறாது. தாய்மாமனுக்கும் இது தெரியும் என்பதால் நிதானமாகத்தான் வருவார்.

பெரியப்பாவின் திறமை பெயர் எழுதுவதில் இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து நாலு முருகேசன் வந்தால் நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது எந்த முருகேசனுக்குச் செய்வது? அப்பா பெயர், தெரு பெயர் எல்லாம் போதாது. அப்பாக்களும் முருகேசனாக இருந்த ஊர் அது. ஆகவே ரைஸ்மில் முருகேசன், துபாய் முருகேசன், ரெண்டாந்தாரம் முருகேசன், ஓட்டைவாய் முருகேசன் என்று எழுதுவார். நோட்டை எட்டிப் பார்க்கிறவர்களை அவர் விரட்டுவதைப் பார்த்து, தொகை ரகசியம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஊருக்குள் தன்னை எப்படிச் சொல்கிறார்கள் என்பது ஒரு மனுஷனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஒருமுறை ஓட்டைவாய்க்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்துவிட்டார். பெரியப்பா அசரவில்லை. “மாப்ளே, உங்க காசு வேற ஆளுக்குப் போயிடப் புடாதுல்ல?” என்றார். வந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அது நியாயம்தான் என்று பந்திக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவருக்கு ஒரு டிரங்குப் பெட்டி. குடும்பத்தில் நடந்த காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை எல்லாம் அதில் நோட்டுகளாக அடுக்கியிருக்கும். ஆல்பத்தில் என் அப்பாவின் கல்யாணப் படங்கள் பாதி பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. அந்தக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதற்கு இந்த நோட்டுதான் சாட்சி. ‘வெத்திலைக்கடை – 2’, ‘கீழத்தெரு அத்தை – எவர்சில்வர் குடம், பேர் வெட்டியது’, ‘போஸ்ட்மேன் – 5, சாப்பிடலை’. அந்தச் சாப்பிடலை எதற்கு என்று கேட்டேன். “கோவம். என்ன கோவம்னு அடுத்த நோட்டுல இருக்கும் பாரு” என்றார். இருந்தது.

பழைய மொய்யைத் திருப்பிச் செய்வது பெரிய கணக்கு. 1985-ல் பதினொரு ரூபாய் செய்தவர் வீட்டுப் பேத்திக்கு இப்போது எவ்வளவு செய்வது? பெரியப்பா எல்லாவற்றையும் பவுன் விலையில் போடுவார். அன்றைக்குப் பவுன் ரெண்டாயிரத்துக்குள். 2025-ல் அது முக்கால் லட்சத்தைத் தாண்டியது. அந்த விலையை வைத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்கி வகுத்தால் பதினொரு ரூபாய் ஐந்நூறு பக்கம் வந்து நிற்கும். “ஐந்நூத்தி ஒண்ணு” என்று பேனாவை மூடுவார். ரிசர்வ் வங்கியில் இருந்திருக்க வேண்டியவர் என்று பெரியம்மா சொல்வது பாராட்டு அல்ல. பால்காரருக்குக் கொடுக்கவும் இதே கணக்கைப் போட்டவர் அவர்.

ரிசர்வ் வங்கி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கு அடுத்த முகூர்த்தத்தில் மேசைக்கு வந்த கூட்டத்தைப் பெரியப்பா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். அதுவரை நூற்றியொன்றைத் தாண்டாத கைகளெல்லாம் ஐந்நூற்றியொன்று நீட்டின. வாய் நிறையச் சிரிப்பு வேறு. வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘ப.நோ.’ என்று குறித்தார். பழைய நோட்டு. இன்றைக்கும் அந்த வீடுகளுக்குச் செய்முறை வந்தால், செல்லாத ஐந்நூறுக்குச் செல்லுகிற ஐந்நூறா என்று ஒரு வாக்குவாதம் நடக்கும். பெரியம்மாதான் ஜெயிப்பார்; ஐந்நூற்றியொன்றே போகும்.

ஆடி மாதம் மொய்விருந்து வந்தால் அவரை வீட்டில் பிடிக்க முடியாது. ஒரே பந்தலில் பல பேர் சேர்ந்து கறி விருந்து வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு; ஒருவர் ஒருமுறை வைத்தால் அப்புறம் ஐந்து வருஷம் வைக்கக் கூடாது. ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் இலைக்கு அடியில் மொய் வைப்பதைப் பார்த்துவிட்டு வரும் பட்டணத்துச் சொந்தங்கள் இலையைத் தூக்கி அடியில் பார்ப்பதுண்டு. அவர்களை யாராவது மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருவார்கள். 2018-ல் கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு வரவேண்டிய மொய் பல பேரிடமிருந்து வரவில்லை. அப்படிப்பட்ட பெயர்களுக்கு எதிரே தொகை எழுதும் இடத்தில் ‘தென்னை’ என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

இப்போது கியூஆர் அட்டை வந்துவிட்டது. மேசையில் ஒரு சின்னப் பெட்டி, தொகையை மண்டபத்துக்கே கேட்கும்படி கூவுகிறது. “பணம் வருது, ஆளைக் காணோமே” என்பார் பெரியப்பா. போனில் அனுப்பிவிட்டு வராமல் இருக்கிறவர்களைத் தனிப் பக்கத்தில்தான் எழுதுகிறார்.

எல்லாம் முடிந்து கடைசிப் பந்தியில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்து கணக்கு நேர் பார்ப்பார். குறைந்தால் சட்டைப்பையிலிருந்து போட்டுவிடுவார். கூடினால்தான் தூக்கம் போய்விடும். யாரோ கொடுத்திருக்கிறார், பெயர் ஏறவில்லை என்றல்லவா அர்த்தம்! போன கல்யாணத்தில் அப்படித்தான் இருநூற்றியொரு ரூபாய் கூடுதலாக இருந்தது. சந்தேகப்பட்ட வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, “மொய் செஞ்சீங்களா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு உலகத்தில் யார் இல்லை என்பார்கள்? ஐந்து பேர், “நாந்தான் செஞ்சேன், இருநூத்தி ஒண்ணு” என்றார்கள்.

ஆக, கூடுதலாக இருந்த கணக்கில் இப்போது எண்ணூற்றி நாலு ரூபாய் துண்டு விழுந்தது. பெரியப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: “அஞ்சு பேரையும் எழுதுங்க. அதுல மூணு வீட்டுல கல்யாண வயசுல யாருமே இல்ல.”