சோளத்தைவிடச் சிட்டிகை பெரிது

கே: 20,000 முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். சரக்குப் போடுகிறவர்கள் பத்துப் பேருக்கு மேல். இவர்களில் யார் முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பண்ணையாளர், மோகனூர்

ப: பில்லைப் புரட்டாதீர்கள், நாட்களை எண்ணுங்கள். இவர் நாளைக்கு வராவிட்டால் பண்ணை எத்தனை நாள் ஓடும்? வேறு யாரிடம் கிடைக்கும்? ஒரு கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் என்றால் உங்களுக்குத் தினம் 2.2 டன் தீவனம். அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். பெரிய செலவு அதுதான். ஆனால் ஒருவர் கைவிரித்தால் இன்னொரு மண்டி உண்டு. கம்பு, நொய் என்று கொஞ்சம் மாற்றியும் அரைக்கலாம். மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் வைட்டமினும் டன்னுக்குச் சில கிலோதான். அவற்றைத் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளோ உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2017 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். ஆலையில் தீப்பிடித்தது, வைட்டமின் ஏ, ஈ விலை உலகம் முழுக்க எகிறியது. 2024 ஜூலையில் அதே ஊரில் மறுபடியும் தீ. சோளம் குறைந்தால் கோழி கத்தும். மெத்தியோனின் குறைந்தால் சத்தமில்லாமல் முட்டை சிறுக்கும்.

கே: சோளத்துக்கு மூன்று வியாபாரிகள் இருக்கிறார்கள். பயமில்லைதானே?

ப: மூவரும் ஒரே வட்டாரத்துச் சோளத்தை விற்றால் அது ஒரே ஆள்தான்; அங்கே பூச்சி விழுந்தால் மூவரும் சேர்ந்தே கைவிரிப்பார்கள். 2018-ல் கர்நாடகத்தில் தென்பட்ட மக்காச்சோளப் படைப்புழு அதே ஆண்டில் நம் காடுகளுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர், தாவணகெரே, பீகார் மூன்றுக்கும் அறுவடைக் காலம் வேறு வேறு. ஊரைப் பிரித்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக அடுக்குவதானால் ஈரம் பாருங்கள்; 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை நஞ்சு உங்கள் குடோனிலேயே விளையும்.

கே: முட்டை அட்டைக்காரருமா முக்கியம்?

ப: தினம் 18,000 முட்டைக்கு 600 அட்டை. நாலு நாள் அவர் வராவிட்டால் முட்டையை எதில் அடுக்குவீர்கள்?

கே: எங்கள் ஊர் சர்க்கரை ஆலைக்கும் இதே கணக்குதானா?
– கரும்பு விவசாயி, மோகனூர்

ப: இன்னும் கறாரான கணக்கு. சோளத்தைச் சேர்த்து வைக்கலாம், கரும்பை முடியாது. வெட்டி ஒரு நாள் தாண்டினால் எடையும் இறங்கும், சர்க்கரையும் இறங்கும். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை மோகனூரில் இருப்பதே சுற்றிலும் கரும்பு இருப்பதால்தான். எந்த ஆலையானாலும் கிரயத்தைத் தள்ளிப்போட்டால் விவசாயி வாழைக்கோ மரவள்ளிக்கோ போய்விடுவார். அவரைத் திரும்ப அழைத்தாலும் கரும்பு வர ஒரு வருஷம் ஆகும்.

கே: பணம் இறுக்கமான வாரத்தில் எல்லாருக்கும் சமமாகப் பாக்கி வைக்கிறேன். நியாயம்தானே?

ப: நியாயம், ஆனால் ஆபத்து. மாற்று இல்லாதவருக்கு முதலில் கொடுங்கள். இன்றைக்கே ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பெயர், எத்தனை நாள் கையிருப்பு, அடுத்த ஆளின் போன் நம்பர். எந்தப் பெயருக்கு நேரே மூன்றாவது கட்டம் காலியாக நிற்கிறதோ, அவரை இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள்.