பூனை எண்ணப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, கல்கத்தாவுல பூனை எண்ணுத வேலை கெடச்சிருக்குன்னு உங்கம்மை தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. நல்லாருக்குலே. நம்ம ஊர்ல எலி புடிக்காத பூனைக்குச் சோறே கெடையாது. அங்க மீன் புடிக்கிற பூனைக்கு மாநில விலங்குன்னு 2012-லயே பட்டங் கட்டிட்டான். பாக்ரோல்னு பேராம். மீனுக்கு ஆலாப் பறக்கிற சீமையில வேற எதுக்குலே பட்டங் கட்டுவான்?

கேமராப் பொட்டியை மரத்துல கட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத. சூட்டோட எது அசைஞ்சாலும் அது படம் எடுக்கும். ஹவுரா நாணல் காட்டோரம் உச்சி வெயில்ல காத்தடிச்சா, கார்டு பூரா புல்லா நெறைஞ்சிரும். மேலதிகாரி கேட்டா, "புல்லு செழிப்பா இருக்கு சார்"னு சொல்லிக்க. அதனால முன்னால நிக்கிற புல்லை அறு. சூரியன் மூஞ்சியில அடிக்காம வடக்கயோ தெக்கயோ பாத்து, முழங்கால் ஒசரத்துல கட்டு. உன் ஒசரத்துக்குக் கட்டினா வர்றவன் போறவன் மூஞ்சிதான் விழும். அவன் பொண்டாட்டிக்குத் தெரியாம பீடி குடிக்க வந்தவனா இருந்தா, மறுநாள் பொட்டி குளத்துக்குள்ள கெடக்கும்.

படத்தை எண்ணிட்டு, பூனைய எண்ணிட்டேன்னு மார் தட்டாத. 2018 புலிக் கணக்குக்கு 26,838 எடத்துல பொட்டி வச்சாங்க. கின்னஸ்காரனே வாயப் பொளந்தான். வந்த படம் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல. அதுல புலி விழுந்தது 76,651. வரியோட வரி ஒப்பிட்டுப் பிரிச்சா, தனித்தனிப் புலி 2,461 தான். ஒண்ணோட வரி இன்னொண்ணுக்கு இருக்காது. ஒரே புலிக்கே இடப்பக்கம் வேற, வலப்பக்கம் வேற. பூனைக்குப் புள்ளியும் அப்படித்தான். அதான் தடத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டச் சொல்லுதாங்க. செலவு மிச்சம்னு ஒண்ணே ஒண்ணு கட்டினா, போறப்ப ஒண்ணு, திரும்புறப்ப ஒண்ணுன்னு ஒத்தப் பூனை உன் நோட்டுல கல்யாணம் ஆகாமலே ரெண்டாயிரும்.

எங்க கட்டணும்னு மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டு ஒக்காராத. வெத்தலைக் கொடிக்காலுக்கு நாணல் அறுக்குதவன், குளத்துல மீன் வளக்குதவன் கூட ஒரு டீ குடி. மீனைப் பறிகொடுத்தவனுக்குத் தெரியாத பூனைத் தடம் உண்டா? பொட்டியை அவன் வீட்டுப் பொறவாசல்லயே கட்டு. எடுத்த படத்தை மொதல்ல அவனுக்குக் காட்டு. நேத்து வரைக்கும் களவாணின்னு திட்டுனவன், "எங்க வீட்டுப் பாக்ரோல்"னு ஊருக்குக் காட்டிட்டுத் திரிவான் பாரு.

பெறகு நீயும் ஊருக்கெல்லாம் அனுப்பு, வேண்டாங்கல. எந்தக் குளம், எந்தக் கரைன்னு மட்டும் வெளிய விட்டுராதலே. பூனையக் கொல்ல வர்றவனும் கையில போன் வச்சிருக்கான்.